எந்தக் கம்பியிலும் இல்லாத சுரம்

கிட்டாரிலிருந்து பெடலுக்குள் போகிற மின்சாரம் மறுபக்கம் வெளியே வருவதில்லை. இதைச் சொன்னால் மேடையில் வாசிக்கும் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள். ஒரு பக்கம் ஒயர் நுழைகிறது, மறுபக்கம் இன்னொரு ஒயர் கிளம்புகிறது, நடுவில் ஒரு பெட்டி. அதற்குள் போய்வரும் சத்தம் கொஞ்சம் முரட்டுத்தனம் பழகிக்கொண்டு வருகிறது என்பது அவர்கள் கணக்கு. நடப்பது வேறு. கம்பி அதிரும்போது, அதன் அடியில் காந்தத்தின் மேல் சில ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றியிருக்கும் மெல்லிய தாமிரக் கம்பியில் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போல மின்னழுத்தம் எழுகிறது. அது ஜாக் வழியாக வந்து முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் காலைத் தொடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர் நோக்கிக் கிளம்புவது, பெட்டிக்குள் சும்மா கிடந்த 9 வோல்ட் பேட்டரியின் மின்சாரம். கம்பியின் அசைவு அதற்கு வடிவம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

கால் சுவிட்சை மிதித்துப் பெடலை விலக்கினால் கம்பியின் சொந்த மின்சாரம் நேரே ஆம்புக்குப் போகும். மறுபடி மிதித்துச் சேர்த்தால் வாசலோடு நின்றுவிடும். கூட்டம் கைதட்டி ரசிக்கிற அந்த உறுமல், பெட்டிக்கடையில் வாங்கிய பேட்டரியின் உறுமல்.

எனக்கு இதில் வியப்பு இல்லை. நான் பார்த்த உத்தியோகம் அப்படி. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேட்டரி அறையில் 24 ஈய அமில செல்கள் வரிசைகட்டி நிற்கும். மொத்தம் 48 வோல்ட். பழைய கறுப்பு போனின் வாய்ப்பகுதியில் கரித்துகள் நிரப்பிய சிமிழ் ஒன்று இருந்தது. பேசும்போது காற்று அதை அழுத்தும், தளர்த்தும். கரித்துகளின் தடை அதற்கேற்பக் குறையும், கூடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்து அந்த வழியாக ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரமும் சேர்ந்து ஏறி இறங்கும். பேசுகிறவருடைய மூச்சில் துளிகூட ஒயரில் ஏறுவதில்லை. ஊரில் நடந்த கல்யாணப் பேச்சு, சாவுச் செய்தி, கடன்காரனின் மிரட்டல் அத்தனையும் எங்கள் பேட்டரி அறை மின்சாரம் கட்டிய வேடம்தான்.

ஓய்வுக்குப் பிறகு அம்பாசமுத்திரத்தில் வீட்டு மாடியில் ஒரு மேசை போட்டு, சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா மகன் இன்ஜினீயரிங் கல்லூரியில் படிக்கிறான். அங்கே ஒரு பாட்டுக் குழுவில் லீட் கிட்டார். அவன் ஆசைப்பட்ட வெளிநாட்டுப் பெடலின் விலையைக் கேட்டு மிரண்டுபோன அக்கா, "ஒன் மாமன்தான் நாப்பது வருசம் ஒயரோட குடித்தனம் பண்ணுனான், அவன்ட்ட கேளு" என்று அனுப்பிவைத்தாள். அப்படித்தான் பெடல் கட்டுவது ஆரம்பித்தது.

நான் அதிகம் கட்டுவது ஃபஸ் ஃபேஸ் என்கிற சுற்று. 1966-ல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு போல வட்டமாக இருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்து பேர் வாங்கியது. உள்ளே பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும்: டிரான்சிஸ்டர் 2, ரெசிஸ்டர் 4, கண்டென்சர் 3, திருகும் கண்ட்ரோல் 2. ஆக 11 உதிரிகள். எங்கள் எக்ஸ்சேஞ்ச் மாதிரியே இதுவும் பாசிட்டிவ் எர்த் என்பதால் முதல் நாளிலேயே எனக்கு உறவாகிவிட்டது.

ஆரம்ப கால ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டரும் கண்டென்சரும் கால் சுவிட்சும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஜெர்மானியம் என்று கேட்டால் கடையில் நிற்கும் பிள்ளை உள்ளே போய் அப்பாவிடம் விசாரித்துவிட்டு வரும். அதனால் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைத்தான் நம்பியிருக்கிறேன். அவற்றின் ஆடியோ பகுதியில் ஏசி128 இருந்தால் கழற்றி, கசிவு மின்னோட்டம் பார்த்து, பெருக்கம் அளந்து, குறைவானதை முதல் இடத்திலும் கூடியதை இரண்டாம் இடத்திலும் வைப்பேன். இரண்டாவதன் கலெக்டரில் பேட்டரியின் பாதி, சுமார் 4.5 வோல்ட், நிற்கவேண்டும். வெளிப்பெட்டிக்குச் சுவருக்குள் பதிக்கும் ஜி.ஐ. சுவிட்ச் பெட்டியே போதும். இரும்பாக இருப்பதால் இரைச்சல் உள்ளே வராது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். மாடியில் சுற்று, கீழே சாத்திரம் என்று தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். காரண காரியம் பற்றிய பாடம் வந்தபோது இரண்டும் கலந்துவிட்டன. எந்தப் பொருள் உண்டாகவும் மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சித்தாந்தம். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை, சத்தி, சிவன். ஆசிரியர் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் நோட்டில் என் பெடலை அந்தக் கட்டங்களுக்குள் ஏற்றிப் பார்த்தேன். பேட்டரி மின்சாரம் மண். டிரான்சிஸ்டரும் மற்ற ஒன்பதும் திரிகை. குயவன் யார்? வாசிக்கிற மருமகனா, கட்டிய நானா, 1966-ல் வரைந்தவரா? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

அந்த வகுப்பில் கூடவே வந்த இன்னொரு கோட்பாடு சற்காரிய வாதம். காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் இருக்கிறது. இல்லாதது தோன்றாது, இருப்பது அழியாது. எண்ணெய் எள்ளில் முன்பே இருப்பதால்தான் ஆட்டினால் வருகிறது. மணலை ஆட்டி எண்ணெய் எடுத்தவர் கிடையாது. சாங்கியர் சொன்ன இதைச் சித்தாந்திகளும் ஏற்றுக்கொண்டார்கள். தருக்க நூலார் ஒப்புவதில்லை. மண்ணில் தண்ணீர் மொள்ள முடியுமா, முடியாதே. ஆகவே குடம் புதிதாக உண்டானது என்பார்கள். ஏற்கெனவே இருந்தது என்றால் குயவனுக்கு என்ன வேலை என்று மடக்குவார்கள். வெளிப்படுத்துவதே அவன் வேலை என்று பதில் சொன்னால் அதற்கும் ஒரு கிடுக்கி வைத்திருக்கிறார்கள்: அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, புதிதா? புதிது என்றால் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். முன்பே இருந்தது என்றால் குயவன் மறுபடியும் வெட்டி ஆள்.

தமிழுக்கு இது பழைய வழக்கு. மணிமேகலையில், வஞ்சி நகரத்தில், சாங்கியவாதியும், தருக்க நூலார் கட்சிக்காரரான வைசேடிகவாதியும் அடுத்தடுத்து வந்து தங்கள் கொள்கையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பாபநாசம் போகிற வழியில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். அங்கே பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்து முனிவராகி, 1785-ல் மறைந்த சிவஞான முனிவர், சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதிச் சற்காரிய வாதத்தை நிலைநாட்டியவர். அவரே, எதிர்க்கட்சியின் பாடப்புத்தகமான அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் பெயர்த்தும் கொடுத்தார். எதிராளியின் ஆயுதத்தைத் தீட்டிக் கையில் கொடுத்துவிட்டு வாதத்துக்கு நிற்கிற அந்த நெஞ்சுரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

ஏட்டில் இருந்த இந்த வழக்கு ஒருநாள் என் மேசைக்கே வந்து சேர்ந்தது. மருமகன் புதிதாகக் கட்டிய ஃபஸ்ஸைச் சோதித்துக்கொண்டிருந்தான். ராக் இசைக்காரர்கள் பவர் கார்ட் என்று சொல்வதை வாசித்தான். சாதா கார்டில் மூன்று சுரம் இருக்கும். இதில் இரண்டுதான், ஷட்ஜமும் பஞ்சமமும் போல. அவன் எடுத்தவை ஏ கம்பியின் 110 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள ஈ, ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸும். வாசித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"மாமா, அடியில ஒரு பேஸ் கேக்கு. கரண்டு ஹம்மா?"

"ஏல, பெடலு பேட்டரியில ஓடுது. லேப்டாப்புல இருந்து சார்ஜரையும் உருவிட்டுப் பாரு."

உருவினான். சத்தம் போகவில்லை. வீட்டுக் கரண்டின் இரைச்சல் என்றால் 50 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டும். ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்து அலைவரிசைப் படம் எடுத்தோம். பெடல் இல்லாமல் எடுத்த படத்தில் 110, 165, 220, 330 என்று முகடுகள். அவற்றுக்குக் கீழே வெறும் தரை. பெடல் சேர்த்து எடுத்ததில் 55-ல் தெளிவாக ஒரு முகடு எழுந்து நின்றது. கிட்டாரின் ஆகத் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். 55 அந்த வாத்தியத்தில் எங்கும் இல்லாத சுரம்.

"அப்ப இத யாரு மாமா வாசிக்கா?"

கணக்கு எளிது. 165-ல் 110 போனால் 55. இருமடங்கு 110-ல் 165 போனாலும் 55. நேர்கோட்டில் பெருக்கும் சாதனம் இரண்டு அதிர்வுகளையும் தனித்தனியே பெரிதாக்கி அனுப்பிவிடும். ஃபஸ் அப்படி நேரானது அல்ல. அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கும். வெட்டு விழும்போது இரண்டு அதிர்வுகளும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வுகள் பிறக்கும். இதே பெடலில் ஏ-யோடு அந்தரகாந்தாரமாகிய 138.6 ஹெர்ட்ஸைச் சேர்த்தால் 28.6, 81.4 என்று ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள் வந்து சத்தம் சேறாகிவிடும். ராக் வாசிப்பவர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டுப் பஞ்சமத்தோடு நின்றுகொள்வதற்குப் பெரிய காரணம் இது.

இப்போது கேள்வி: பெடல் போடுவதற்கு முன் 55 எங்கே இருந்தது?

மருமகன் சித்தாந்தமும் படித்ததில்லை, தருக்கமும் படித்ததில்லை. ஆனால் பதறாமல் தருக்க நூலார் கட்சியைப் பேசினான். "எங்கேயும் இல்ல மாமா. புதுசா வந்துச்சு. படத்துல காலியாத்தான இருந்துச்சு?"

நான் அலையை விரித்துக் காட்டினேன். 110 இரண்டு முறை ஆடி முடிக்கும் அதே நேரத்தில் 165 மூன்று முறை ஆடி முடிக்கிறது. இரண்டும் புறப்பட்ட இடத்தில் மறுபடி சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பு விநாடிக்கு 55 தடவை நடக்கிறது. பெடல் சேர்க்காத பதிவிலேயே, அலையின் உருவம் விநாடிக்கு 55 தரம் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. முகடுகளின் படத்தில் 55-ன் இடம் காலி. அலையின் ஒழுங்கில் 55 முன்பே குடியிருக்கிறது. சூக்குமமாக இருந்தது தூலமாயிற்று என்று சித்தாந்தி சொல்வது இதைத்தான் என்றேன்.

"அது பேட்டர்ன் மாமா, சத்தமில்ல. ஸ்பீக்கர் கூம்பு 55-ல ஆடவே இல்லையே."

சரியான அடி. மண்ணில் தண்ணீர் மொள்ள முடியாது என்பதன் மறுவடிவம். ஒழுங்கு நெஞ்சுக்கூட்டை அதிரவைக்காது, சத்தம்தான் அதிரவைக்கும். இந்த இடத்தில் தருக்கத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களிடம் நான் கேட்க ஒன்று உண்டு. புதிதாக உண்டானது என்றால் 60 ஏன் உண்டாகவில்லை? 47 ஏன் இல்லை? என் பெடலிடம் சுரப் பட்டியல் எதுவும் கிடையாது. ஒரு தானத்திலிருந்து இன்னொரு தானத்துக்குக் கையை நகர்த்தி 130.8-ஐயும் 196-ஐயும் வாசித்தால் அதே பெடல் ஏறக்குறைய 65-ஐக் கொடுக்கும். எல்லாவற்றிலிருந்தும் எல்லாமும் வருவதில்லை என்பது சாங்கியர் வைத்த வாதங்களில் ஒன்று. இன்னது இன்னதிலிருந்துதான் வரும் என்ற இந்தக் கட்டுப்பாட்டைப் புதிது என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது.

இங்கே கூர்மையான வாசகர் என்னையும் மடக்கலாம். பேட்டரியை மண் என்றாய், காரியம் முதற்காரணத்தில் இருக்கவேண்டும் என்றாய். 55-ன் ஒழுங்கோ கம்பியில் இருக்கிறது. கம்பி குயவன் பக்கம் அல்லவா? மடக்கட்டும். மண்ணில் குடமும் உண்டு, சட்டியும் உண்டு, அகலும் உண்டு. இவற்றில் எது வெளியே வரும் என்பதைக் குயவன் தீர்மானிக்கிறான். ஆடாமல் அசையாமல் கிடக்கும் 9 வோல்ட்டும் அப்படியே. எந்த அலையாகவும் ஆகும் ஆற்றல் அதில் இருக்கிறது. எது ஆகவேண்டும் என்று கம்பி சொல்கிறது. செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு எந்தக் கம்பியை மீட்டினாலும் ஒன்றும் வராது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஃபஸ் ஃபேஸில் அலையின் உச்சியை வெட்டுவதற்கென்று தனி உதிரி எதுவும் இல்லை. வெட்டு எப்படி விழுகிறது? டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து அலையை அவ்வளவு பெரிதாக்கப் பார்க்கின்றன. பேட்டரியில் இருப்பதோ 9 வோல்ட். அதற்கு மேல் ஏற வழியில்லை, பூச்சியத்துக்குக் கீழே இறங்கவும் வழியில்லை. முட்டி நிற்கிற இடத்தில் உச்சி தட்டையாகிறது. நூறு வோல்ட் கொடுத்து, அதைத் தாங்கும் டிரான்சிஸ்டரும் போட்டால், அலை முட்டாமல் போய்வரும். 55 அநேகமாகக் காணாமல் போகும். ஆக அந்தச் சுரம் பிறப்பது, கம்பி கேட்கிற வடிவமும் பொருளின் எல்லையும் மோதுகிற இடத்தில். மூன்று காரணத்தில் ஒன்றை எடுத்துவிட்டாலும் காரியம் இல்லை. முதற்காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எள்ளும் எண்ணெயும் என்று நிறுத்திவிடாமல், மூன்றும் வேண்டும் என்று சித்தாந்தம் ஏன் அடம்பிடிக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வெட்டுவதும் முரண்டுவதும் மேற்கத்திய முரட்டு இசையின் சமாசாரம், நம் மரபு சுத்த நாதத்தை நாடுவது என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். தம்புராவை அவர் மறந்துவிட்டார். அதன் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஜீவா என்று ஒரு நூல்துண்டைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்ப்பார்கள். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்ததும் தம்புரா ரீங்காரமிட ஆரம்பிக்கும். தந்தியின் ஓட்டத்துக்கு அந்த நூலும் அகன்ற குதிரையும் சேர்ந்து செய்யும் இடைஞ்சலே அந்த ரீங்காரம். சர் சி.வி. ராமன் 1921-ல் இந்தியத் தந்தி வாத்தியங்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்கவேண்டிய மேல்சுரங்கள் ஒலியில் வரக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த வரக்கூடாத சுரங்கள் பலமாகவே கேட்கின்றன என்று ராமன் காட்டினார். வரக்கூடாத சுரத்துக்கு வழி செய்துகொடுக்கும் வித்தை நம்மிடம் மின்சாரத்துக்கு முன்பே இருக்கிறது. பூசை அறையில் வைத்துக் கும்பிடுகிற வாத்தியமும், காலடியில் போட்டு மிதிக்கிற பெட்டியும் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம்.

காலியாக விட்ட குயவன் கட்டத்துக்கு வருகிறேன். அறிவுடைய ஒரு கருத்தா இல்லாமல் காரியம் நடக்காது என்பது சித்தாந்தத்தின் உறுதியான நிலை. ஃபஸ்ஸின் பிறப்போ ஒரு விபத்து. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாட்டுப் பதிவானபோது, மிக்ஸிங் மேசையின் ஒரு வழி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரத்து உறுமியது. பாட்டு அந்த உறுமலோடேயே 1961-ல் வெளியாகி வெற்றியும் பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதை 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்கு விட்டது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

யாரும் திட்டமிடாத பழுது. இதில் குயவன் எங்கே என்று நாத்திகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். என் பதில் இது. பழுதான ஆம்ப்ளிஃபயர்கள் 1961-க்கு முன் ஏராளம் இருந்திருக்கும். பழுது பார்ப்பது என் தொழிலாக இருந்ததால் சொல்கிறேன்: கரகரப்பு கேட்டால் கை தானாகப் பெட்டியைக் கழற்றப் போகும். அந்தக் கையை நிறுத்தி, இது இருக்கட்டும் என்று சொல்ல ஓர் அறிவு தேவைப்படுகிறது. பழுது தானாக வரும். வேண்டுமென்று வைத்துக்கொள்வது தானாக வராது. கருத்தா என்றால் ஒன்றுமில்லாததிலிருந்து இழுத்துப் போடுகிறவர் என்று நினைத்தால்தான் விபத்து ஒரு மறுப்பாகும். வெளிப்படக்கூடிய பலவற்றில் ஒன்றை அறிந்து தேர்ந்துகொள்பவர் என்று கொண்டால் விபத்தும் அவர் கைக்கு அகப்பட்ட மண்தான்.

அப்படியானால் என் பெடலில் நான் தேர்ந்துகொண்டது எவ்வளவு? கணக்குப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. சுற்று லண்டனில் வரைந்தது. டிரான்சிஸ்டர் எந்தக் காலத்திலோ ரேடியோவுக்கென்று செய்தது. பேட்டரி கடைக்காரருடையது. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் உறுமல் அடங்கித் தெளிந்துவிடும். ஏனென்றால் கிட்டாருக்குள் இருக்கும் தாமிரச் சுருளும் இந்தச் சுற்றின் ஓர் அங்கம்போல வேலை செய்கிறது. அதைச் சுற்றிய தொழிலாளி யாரென்று எனக்குத் தெரியாது. வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மார்கழிக் காலையில் தேனாகப் பாடும் பெடல், அக்கினி நட்சத்திர மத்தியானத்தில் மாடிச் சூட்டில் தொண்டை கட்டிக் கரகரக்கும். கலெக்டரில் பார்த்தால் காலையில் நிறுத்திவைத்த 4.5 வோல்ட் நகர்ந்திருக்கும். தாமிரபரணிக் கரையின் தட்பவெப்பமும் துணைக்காரணங்களில் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இத்தனைக்கும் பிறகு மருமகன் மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கும்போது "அது நான் செஞ்ச பெடலு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. இப்படி நான், எனது என்று சொல்லவைக்கிற ஒன்றைச் சித்தாந்தம் ஆணவ மலம் என்கிறது. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியே இருப்பது. அறிவுரை கேட்டு உதிர்ந்துவிடாது. ஆனால் அது எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்டமுடியும். என் சொந்தப் பங்கு என்று துருவிப் பார்த்தால் இரண்டு டிரான்சிஸ்டரை அளந்து பொறுக்கியதும், இருபதோ முப்பதோ இடத்தில் ஈயம் வைத்ததும் மிஞ்சும். அந்தப் பங்கு பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக நான் கேட்கிற பாத்தியதை பொய்.

பெடல் கட்டுகிறவர்கள் உலகத்தில் இந்தப் பாத்தியதைச் சண்டை ஓயாமல் நடக்கிறது. மாசசூசெட்ஸில் பில் ஃபின்னகன் என்பவர் 1994 முதல் விற்ற க்ளான் சென்டார் மிகவும் பேர்பெற்றது. ஏறக்குறைய 8,000 பெட்டிகள் செய்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்துவிடாதபடி சுற்றின் மேல் கறுப்பு எபாக்சிப் பிசினை ஊற்றி மூடியிருந்தார். பிசினைப் பெயர்த்தெடுத்துச் சுற்றை வரைந்துவிட்டார்கள். இன்று அதன் நகல்கள் எங்கும் கிடைக்கின்றன, அசல் பல ஆயிரம் டாலருக்கு விலை போகிறது. பிழைப்புக்காக ஒருவர் தன் உழைப்பைக் காத்துக்கொள்வதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். அடுப்பெரிய வேண்டும். நம்மைப் போல மாடியில் பொழுதுபோக்காகக் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. ஆனாலும் ரெசிஸ்டர் மதிப்பைச் சுரண்டி அழிப்பவர்களையும், டிரான்சிஸ்டர் நம்பரை மணல்தாளால் தேய்ப்பவர்களையும் பார்க்கிறேன்.

சற்காரிய வாதத்தை நான் ஏற்றுக்கொண்டேன் என்றால் அதன்படி நடக்கவும் வேண்டும். நான் உண்டாக்கவில்லை, இருந்ததை வெளிவர விட்டேன், கொஞ்சம் பொறுக்கி எடுத்தேன். அப்படிப்பட்டவனுக்கு ஒளித்துவைக்க உரிமையில்லை. எதிர்க்கட்சி நூலையே தமிழாக்கிக் கொடுத்த முனிவர் ஊருக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, 11 உதிரியை மறைத்துவைப்பது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

ஆகவே, பெடல் கட்டுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியை மூடித் திருகு போடுவதற்கு முன் ஒரு தாளில் சுற்றுப்படத்தை வரையுங்கள். எந்த டிரான்சிஸ்டர், எவ்வளவு பெருக்கம், கலெக்டரில் எத்தனை வோல்ட், அளந்தபோது என்ன வெயில் என்பதையெல்லாம் பக்கத்தில் எழுதுங்கள். சுற்றை முதலில் அமைத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். உங்கள் பெயரைப் போட விரும்பினால் கடைசி வரியில் போட்டுக்கொள்ளுங்கள். மடித்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கிறவர் எவராயிருந்தாலும் அவருக்கு அது உதவும்.